தொட்டி பார்க்கிறவர்

வாசகரே, இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது தொட்டி பார்க்கிறவர் என்னும் இனம். அபூர்வமான இனம் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண நாளில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்; மழைக்காலத்தில் எட்டாவார்கள்.

எங்கே வசிக்கிறார்கள்? ஈரம் உறிஞ்சும் மிஷின் வாங்கிய வீடுகளில். அதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். முழங்காலுக்குச் சற்று மேலே வருகிற ஒரு பெட்டி. ஒரு பக்கம் அறையின் காற்றை இழுத்து, உள்ளே குளிர்ந்த குழாயின்மேல் படவிட்டு, அதிலிருக்கும் ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக அடித்தொட்டியில் இறக்கிவிட்டு, காய்ந்த காற்றை மறுபக்கம் அனுப்பும். நெற்றியில் ஒரு சின்னத் திரை, காற்றில் ஈரம் நூற்றுக்கு எத்தனை என்று காட்டும். தொட்டி நிறைந்தால் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. சுவர் பூக்கக் கூடாது, அலமாரித் துணி நாறக் கூடாது என்று மட்டும் ஆசைப்படுகிற சாமானியர் இதை வாங்கி, மூலையில் வைத்து, மறந்துவிடுவார். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நம்மவர் மறக்க மாட்டார். காலையில் மிஷினைப் போட்டுவிட்டு மாலையில் தொட்டியை உருவி, அதில் நாலு லிட்டர் தண்ணீர் தளும்புவதைக் கண்ட அந்தக் கணத்தில் அவருக்குள் ஏதோ ஒன்று புரண்டுவிடுகிறது. இத்தனை நாளும் இவ்வளவு தண்ணீருக்குள்ளா படுத்துப் புரண்டோம்? இதையா மூக்கால் இழுத்தோம்? தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடம் முழுக்க ஒரு சுற்று வருவார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். "வெறும் காத்துலேர்ந்து எடுத்தது சார், வெறும் காத்து!" என்பார். கொட்டிவிட மனம் வராமல் ஒரு குடத்தில் ஊற்றி மூடி வைப்பார். மறுநாள் முதல், வீடு காய்வதற்காக மிஷின் என்ற நிலை மாறி, மிஷினுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக வீடு என்றாகிவிடும். சாதனம் எப்போது குறிக்கோளின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. எப்போதுமே தெரிவதில்லை.

எங்கள் கட்டிடத்தின் கீழ்வீட்டில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த ஒருவர் இருக்கிறார். தொழில், நில அளவை. எல்லோரும் சர்வேயர் என்றே கூப்பிடுவோம். அளக்க முடியாததை அவர் நம்ப மாட்டார்; அளந்ததை மறக்க மாட்டார். அவருடைய மனைவி புத்தகம் பைண்டிங் செய்கிறவர். பல்கலைக்கழகத்து மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் பின்னறையில் அட்டை கட்டித் தருகிறார். போன மழைக்கு அட்டைகள் சரியாகக் காயாமல் பூசணம் பூத்து மானம் போனதால், இந்த மழைக்கு முன்பே அந்த அம்மாள் பிடிவாதமாக மிஷினை வாங்கிவிட்டார். அவருக்கு வேண்டியது காய்ந்த காற்று. அதில் குழப்பமே இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் நாலு லிட்டர், இரண்டாம் நாளும் நாலு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. சர்வேயர் தினமும் அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் தொட்டியைக் கழற்றுவார். எட்டாம் நாள் தொட்டியின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர். ஒன்பதாம் நாள் அதுவும் இல்லை.

பின்னறையில் சுவர் கலகலவென்று காய்ந்திருந்தது. தாள் மொடமொடத்தது. திரையில் நாற்பத்தைந்து. அந்த அம்மாள் முகத்தில் பத்து வருஷமாக மழைக்காலத்தில் காணாத தெளிவு. இதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே சர்வேயர் சொன்னார்:

"மிஷின் போச்சு."

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. வேலை செய்யலையே. வெளிய ஊத்து ஊத்துன்னு ஊத்துது, உள்ள ஒரு சொட்டு வரலன்னா என்ன அர்த்தம்?"

"ரூம் காஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"உனக்கு மிஷினைப் பத்தித் தெரியாது," என்றார் அவர், ஒன்பது நாள் அனுபவத்துடன்.

இந்த இனத்தின் பழுதுபார்க்கும் முறையைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். முதலில், தொட்டியை உருவி மறுபடி செருகுவார். மெதுவாக ஒரு தரம், ஓங்கி ஒரு தரம். பிறகு மிஷினின் விலாவில் தட்டிக் காது வைத்துக் கேட்பார். என்ன கேட்கும்? மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். அது அவருக்குத் திருப்தி தராது. பிறகு கூடவந்த சிறு புத்தகத்தை எடுத்து, 'தண்ணீர் சேரவில்லையா?' என்ற பக்கத்தைச் சத்தம் போட்டு வாசிப்பார். காற்றை வடிகட்டும் வலைத்தட்டில் தூசி அடைத்திருக்கலாம். தொட்டி நிறைந்ததைக் காட்டும் மிதவை சிக்கியிருக்கலாம். குளிர் அதிகமாகிக் குழாயில் பனி படிந்திருக்கலாம். நாலாவதாக ஒன்று உண்டு: அறை ஏற்கெனவே காய்ந்திருக்கலாம், இது பழுதல்ல. அதை வாசிக்காமல் விட்டார் என்று சொன்னால் அநியாயம். வாசித்தார். தப்பித்துக்கொள்ளக் கம்பெனிக்காரன் எழுதிவைத்த வரி என்று தீர்ப்பளித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

வலைத்தட்டைக் கழற்றிக் குழாயடியில் கழுவினார். இது பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய நல்ல காரியம்தான், பாராட்டத் தடையில்லை. ஆனால் கழுவியதைக் காயவைக்காமல், சொட்டச் சொட்டச் செருகிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர்!

"பாத்தியா? பில்டர்தான்! நான் அப்பவே சொன்னேன்ல?"

மறுநாள் தொட்டி மீண்டும் காலி. இந்தத் தரம் பின்மூடியைத் திறந்தார். மனைவியின் பசை தடவும் தூரிகைகளிலேயே நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குழாயைத் தேய்த்தார். மிதவையை மேலும் கீழும் ஆட்டினார். கடைசியாகத் திரைக்குப் பக்கத்தில், ஈரத்தை அளக்கும் சின்னத் துளையில் வாயை வைத்து 'ஹா' என்று ஊதினார். நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபது என்று எண் ஏறியது. சர்வேயர் கண்ணில் ஒளி வந்தது.

"உயிர் இருக்கு! வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை."

விபரீதம் இங்கேதான் ஆரம்பித்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மனைவி முப்பத்திரண்டு ஆய்வேடுகளுக்குப் பசையிட்டு அட்டை ஒட்டி, பலகை வைத்து, மேலே பாரம் ஏற்றியிருந்தார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அவை பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு வாங்கும் மேஜையில் இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் இனி ஆறு மாதம் கழித்துத்தான் வாங்குவார்கள். நாலு வருஷம், ஐந்து வருஷம் உட்கார்ந்து எழுதிய முப்பத்திரண்டு பேர். அவர்களிடம் "நான் தர்றேன்" என்று சொல்லியிருந்த ஒரே ஒரு வாய். புதன்கிழமை அந்த அம்மாள், அட்டையில் பொன்னெழுத்து பதிக்கும் அச்சுகளை வாங்கிவரப் பட்டறைக்குப் போய்விட்டார். சர்வேயர் விடுமுறை போட்டிருந்தார். மிஷினுக்காகத்தான்.

பின்னறை ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்தார். மழைச் சாரல் உள்ளே வந்தது. போதாது என்று குளியல் துண்டுகள் நாலைத் தண்ணீரில் முக்கி, பாதி பிழிந்து, பைண்டிங் மேஜைக்கு மேலே கொடி கட்டிப் போட்டார். அதுவும் போதாது என்று அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரம் வெந்நீர் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மிஷின் உறுமிக்கொண்டு வேலை செய்தது. மூன்று மணிக்குள் தொட்டி நிறைந்து கீச்சிட்டது. ஆறு மணிக்குள் மறுபடி. என்னை மாடியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். அறைக்குள் காலெடுத்து வைத்ததும் என் கண்ணாடி வேர்த்துப் போனது.

"எப்படி?" என்றார்.

"நிறைய வந்திருக்கே," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அப்போதே தன் மச்சானுக்கு போன் போட்டார். மனைவியின் தம்பி, ஏசி மெக்கானிக். அவனை முந்தின நாள் இவரேதான் வரச்சொல்லியிருந்தார். "வேண்டாம் மாப்ள, நீ வர வேண்டாம். நானே சரி பண்ணிட்டேன்." வாடிக்கையாளர் தானே சரி பண்ணிவிட்டதாகச் சொன்னால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அந்தப் பையன் தொழிலில் கற்ற முதல் பாடம். அக்காளும் தம்பியும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து இறங்கினார்கள்.

அந்த அம்மாள் கதவைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். துண்டுகளைப் பார்த்தார். பாரத்தை இறக்கி, பலகையை எடுத்து, மேலே இருந்த ஆய்வேட்டைக் கையில் எடுத்தார். அட்டை தோணி மாதிரி வளைந்திருந்தது. அடுத்ததும் தோணி. அதற்கடுத்ததும்.

"இது என்னங்க?"

"வேலை செய்யுதான்னு பாத்தேன்..."

"எது?"

"மிஷின்."

"நான் வேலை செய்றேனான்னு பாக்கத் தோணலையா?"

சர்வேயர் தொட்டியைச் சற்றே முன்னால் நகர்த்தினார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே சாட்சி. மெக்கானிக் குனிந்து அதைப் பார்த்தான்.

"மாமா, இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

"காத்துலேர்ந்து."

"காத்துக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

மாமா துண்டுகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க ஊத்தின தண்ணியத்தான் மாமா அது திருப்பிக் குடுத்திருக்கு. இதுக்கு தொட்டியிலேயே நேரா ஊத்தியிருக்கலாம். கரண்டாவது மிச்சம்."

"நீ சும்மா இருடா," என்றார் அக்காள். கோபம் ஆறுவதற்குக்கூட அவருக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள். ஜன்னல்கள் சாத்தப்பட்டன. துண்டுகள் போன திசை தெரியவில்லை. முப்பத்திரண்டு ஆய்வேடுகளின் அட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் ஈரம் உறிஞ்சும் தாள் வைத்து, பலகை வைத்து, இரண்டு மடங்கு பாரம் ஏற்றினார். மெக்கானிக் மிஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிவைத்து, வலைத்தட்டைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, வேகத்தைக் கூட்டினான். பிறகு பையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எடுத்தான்.

"அக்கா, தொட்டி நிறைஞ்சு நிறைஞ்சு நின்னா லேட்டாகும். பின்னாடி குழாய் மாட்டி நேரா பாத்ரூமுக்கு விட்டுர்றேன். தொட்டியே வேண்டாம்."

சர்வேயர் பதறிப்போனார். "அப்புறம் எவ்வளவு வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"மாட்டுடா," என்றார் அந்த அம்மாள்.

வியாழக்கிழமை முழுவதும், மணிக்கு ஒருமுறை நனைந்த தாளை உருவிக் காய்ந்த தாளைச் செருகும் வேலை சர்வேயருக்கு. மிஷின் இருந்த பக்கம் திரும்பக் கூடாது என்று உத்தரவு. மனிதர் தலை குனிந்து செய்தார், நன்றாகவே செய்தார். தாளின் ஓரத்தைக் கோடு தப்பாமல் வைப்பதில் அளவைக்காரரை யார் மிஞ்ச முடியும்? நடுவில் ஒருமுறை, "இது கொஞ்சம் நிமிர்ந்திருக்கு, பாரு," என்று மெதுவாகச் சொன்னார். "தெரியும்," என்றார் மனைவி. அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு போட்டார்.

முப்பது ஆய்வேடுகள் பலகை மாதிரி நிமிர்ந்தன. இரண்டுக்குப் புது அட்டை போட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பொன்னெழுத்துப் பதித்து, பதினொன்றுக்குள் முப்பத்திரண்டு பேரும் வந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர்கூட அட்டையைத் தடவிப் பார்க்கவில்லை; நேராக இருக்கிறதே என்று சொல்லவுமில்லை. நல்ல வேலைக்கு உலகம் தருகிற மரியாதை அதுதான்: அதைக் கவனிக்க மாட்டார்கள்.

கடைசி மாணவி போனதும் அந்த அம்மாள் கணவரைத் தேடினார். அவர் பாத்ரூமில், ரப்பர் குழாயின் நுனிக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்ன பாக்குறீங்க?"

"சொட்டு நின்னுடுச்சு."

"அதனால?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சந்தோஷப்பட்டுக்கிட்டு எந்திரிச்சு வாங்க."

ஒன்றுமில்லாததைப் பார்த்துச் சந்தோஷப்படுவது! எத்தனையோ தத்துவ நூல்களைப் புரட்டியிருக்கிறேன். இதை ஒரே வரியில், அதுவும் பாத்ரூம் வாசலில் நின்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சர்வேயர் எழுந்து வந்தார். சந்தோஷப்பட்டாரா என்பதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் வீட்டில் அந்த மிஷின் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மாதமாகப் புகாரே வரவில்லை என்றதும், பிள்ளை திருந்திவிட்டான் என்று நிம்மதியாக இருக்காமல், வாத்தியாரைத் தேடிப் போய் "என்ன சார், ஏதாவது பண்றானா?" என்று கேட்டது யார்? வீட்டுக்காரியோடு ஒரு வாரம் சண்டையே இல்லை என்றதும், "என்ன, ஒரு மாதிரியா இருக்கே?" என்று ஆரம்பித்துவைத்தது யார்? போகட்டும், இவையெல்லாம் உங்களைப் பற்றியவை அல்ல என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பல்வலி நின்ற மறுநாள், நின்றுவிட்டதா என்று பார்க்க நாக்கு எங்கே போகும்?

இப்போது எங்கே போயிற்று?