அறுபத்தாறு வேகத்தில் ஒரு பலாப்பழம்

"இந்த ஊட்ல ஒரு பொருளாச்சும் என் பேச்சைக் கேக்கோணும்!"

பென்னி இப்படி முழங்கியது சனிக்கிழமை காலையில், பல்கூட விளக்காமல். நியாயமான ஆசைதான். அவர் பேச்சை வீட்டு நாய் கேட்காது. சம்சாரம் தேவகுமாரி கேட்பாள், "சரிங்க" என்பாள், அதோடு சரி. எஸ்டேட்டில் அவர் கணக்கு எழுதும் ரைட்டர். அங்கே அவரைக் கண்டால் காப்பிச்செடிகூட அசையாமல் நிற்கும் என்று பெருமையடித்துக்கொள்வார்.

மறுநாள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அவரவர் தோட்டத்தில் விளைந்ததைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து பீடம்வரை பவனியாக நடக்க வேண்டும். மிளகு, காப்பி, வாழைத்தார், கொக்கரிக்கும் சேவல், எல்லாம் வரும். பாடுகிற பெண்களும் சுமை தூக்க வேண்டியிருப்பதால் இந்த வருசம் பாட்டை முன்கூட்டியே பதிந்து ஸ்பீக்கரில் போட்டுவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. பாட்டு யாருடையது? பென்னியுடையது! சொல்லும் அவர், மெட்டும் அவர். ஆயுசில் முதல் பாட்டு. நாளைக்கு ஊரே அதற்கு நடக்கப் போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பதிகிற வேலைதான் லேசுப்பட்டதில்லை. முன்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் குரலைப் பதிய வேண்டும். மேளமும் வயலினும் லேப்டாப்பில். கிழக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒருசேர இழுக்காது என்பதால் இந்த ஏற்பாடு. இரண்டையும் வைஃபையில் கோத்துவிட்டால் ஒரே தாளத்தில் ஓடும். கோக்காவிட்டாலோ, மேளம் சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடும், பாட்டு இன்னும் கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்.

எப்படிக் கோப்பது என்று முந்தின வாரம் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் வீடியோ பார்த்தார்கள். பாதியிலேயே பென்னி எழுந்துவிட்டார்.

"போதும் போதும். எனக்குத் தெரியாததா? பெரிய கம்ப்யூட்டர் முன்னால போகும், மத்ததெல்லாம் பின்னால வரும். நான் வெச்சதுதான் வேகம்."

"மீதியும் இருக்குதுங்களே."

"நீ வேணும்னா பாத்துக்க."

தேவகுமாரி பூண்டு உரித்துக்கொண்டே மீதியைப் பார்த்தாள். அதை அவர் மறந்தே போனார்.

அவர் வைத்த வேகம் நிமிசத்துக்கு அறுபத்தாறு தட்டு. அதில்தான் சண்டையே.

"ஏனுங்க, நொம்ப மெதுவா இருக்குதுங்க."

"கம்பீரமா இருக்குது!"

"நம்ம மரத்துப் பலாப்பழத்த வருசா வருசம் தூக்கறது நானுங்க. இந்தப் பாட்டுக்கு அடியெடுத்து வெச்சா, பீடத்துக்குப் போறதுக்குள்ள கழுத்து தோளுக்குள்ள போயிருமுங்க. தொண்ணூத்திரண்டு வெச்சா கால் தானா நடக்கும்."

"நீ பழம் தூக்கற வேகத்துக்கா நான் பாட்டுப் போடறது? பாட்டு வேகத்துக்கு நீ தூக்கு!"

"சரிங்க" என்றாள். அந்தச் "சரிங்க"வைக் கேட்டதும் அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மத்தியானம் சர்ச்சில் பாடுகிற ஈவ்லினும் பிரிஸ்கில்லாவும் இன்னும் நாலைந்து பெண்களும் வாழவந்தியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். பாடி முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பென்னி அறுபத்தாறு வைத்தார். மேளம் கம்பீரமாக நடந்தது. தேவகுமாரி டீ போட அடுக்களைக்குப் போனாள்.

"ரெடி. ஒண்ணு, ரெண்டு..."

மேளம் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. திரையில் தொண்ணூற்றிரண்டு!

"இதென்னடா அக்கிரமம்!"

மறுபடி அறுபத்தாறு வைத்தார். தேவகுமாரி டீயோடு வந்தாள். மேளம் சாதுவாக நடந்தது. அவள் சர்க்கரை எடுக்க உள்ளே போனாள். மேளம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பென்னி ஒயரைப் பிடுங்கி மாட்டினார். பனிமூட்டத்தைத் திட்டினார். கரண்ட் ஆபீஸைத் திட்டினார். லேப்டாப்பை விற்ற கடைக்காரனைப் போனில் கூப்பிட்டு, "மலைல இருக்கறவன்னா இளக்காரமா?" என்று ஏறினார். அந்த ஆளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ஏனுங்க ரைட்டரய்யா, பஸ்ஸு போயிருமுங்க" என்றாள் ஈவ்லின்.

அப்போதுதான் திரை ஓரத்தில் பொடி எழுத்தில் அது கண்ணில் பட்டது. கூட இணைந்திருக்கும் கருவிகள்: இரண்டு. லேப்டாப் ஒன்று. அந்த இன்னொன்று எது?

"எவனோ நம்ம வைஃபைக்குள்ள பூந்து என் தாளத்துல கைய வெக்கறான்!"

"பாஸ்வேர்டு வேற யாருக்குங்க தெரியும்?" என்று தேவகுமாரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "கிரிக்கெட் பாக்கோணும்னு பக்கத்தூட்டுச் சத்யராஜ் தம்பிக்கு நீங்கதான குடுத்தீங்க. நான் யாரையும் குத்தஞ் சொல்லலீங்க."

அவள் சொல்லத்தான் இல்லை. ஆனால் பென்னி அதற்குள் வேலி தாண்டிவிட்டார்.

சத்யராஜ் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தான். காலைப் பிடித்து வெளியே இழுக்காத குறையாகக் கத்தினார் பென்னி.

"வெளிய வாடா! எங்க ஊட்டுத் தாளத்த எதுக்குடா திருப்பறே? எடு உன்ற போனை!"

"எந்தப் போனுங்ணா? ஏரியில போட்ல போறப்ப ஒரு புதுமாப்பிள்ளைக்கு போட்டோ எடுத்துக் குடுத்தேன். கூடவே என்ற போனும் தண்ணிக்குள்ள போயிருச்சு. நாலு நாளா போனே இல்லாம கெடக்கறனுங்க!"

"பொய் சொல்லாதடா!"

"எங்காத்தா சத்தியமாங்ணா. வேணும்னா ஏரியில எறங்கிப் பாருங்க."

இரண்டு பேரும் மாறிமாறிக் கத்திக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு வந்தது. மேளம், வயலின், பெண்களின் குரல், எல்லாம் ஒரே அச்சாக, குதிபோட்டுக்கொண்டு. சத்யராஜ் கையிலிருந்த ஸ்பேனரால் பம்பரில் தாளம் தட்டினான்.

"அட, ஜம்முனு இருக்குதுங்ணா. யாரு போட்ட பாட்டு?"

பென்னி திட்டத்தான் வாயெடுத்தார். பெருமை கோபத்தை முந்திக்கொண்டது.

"நான்தான்" என்றார்.

சொன்ன பிறகுதான் சுரீர் என்றது. தலைதெறிக்க ஓடினார். அதற்குள் பாட்டைப் பதிந்து முடித்துவிட்டுப் பெண்கள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். "நல்ல வேகம் வெச்சுக் குடுத்தீங்கய்யா, புண்ணியமாப் போகும்" என்று பிரிஸ்கில்லா கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். பென்னி நேராக அடுக்களைக்குள் பாய்ந்தார். ரசச் சட்டிக்குப் பக்கத்தில் தேவகுமாரியின் போன். அதில் கொட்டை எழுத்தில் தொண்ணூற்றிரண்டு.

"அடிப்பாவி! நீயா?"

"வீடியோவுல மீதிப் பாதி இதுதானுங்க. இந்த வைஃபைக் கணக்குல முன்னால போறவன், பின்னால வாறவன்னெல்லாம் கெடையாது. கூடச் சேந்தவங்க யாரு வேகத்த மாத்துனாலும் எல்லாம் மாறிக்கும். போனும் சேரலாம்னாங்க. சேத்தேன்."

"துரோகம்! கட்டுன புருசனுக்கே துரோகம்! என்ற பாட்டைக் கெடுத்துப்போட்டியே!"

"கெடுக்கலீங்க. நடக்க வெச்சேன்."

பென்னி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதிந்த பாட்டையே அறுபத்தாறுக்கு இழுத்துப் பார்த்தார். ஈவ்லின் குரல் எருமை கத்துவது போல வந்தது. நாயே எழுந்து வெளியே போய்விட்டது. மறுபடி பாட வைக்கலாமென்றால் பெண்கள் இந்நேரம் பாதி வழி போயிருப்பார்கள். ஆத்திரத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பலாப்பழம்! ஒரு பலாப்பழத்துக்காக என்ற கம்பீரத்தையே வித்துப்போட்டே! என்னமோ மலையவே தூக்கற மாதிரி! நாளைக்கு அந்தப் பழத்த நான் தூக்கறேன். எப்படி நிதானமா நடக்கறதுன்னு சபைக்கே காட்டறேன், பாரு!"

"சரிங்க" என்றாள் தேவகுமாரி.

மறுநாள் மரத்திலேயே பெரிய பழமாகப் பார்த்து இறக்கி வைத்திருந்தாள். சத்யராஜ்தான் ஒரு கை கொடுத்து அவர் தலையில் ஏற்றிவிட்டான். ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. சர்ச்சே திரும்பிப் பார்த்தது. ஆயர் பீடத்திலிருந்து பென்னியைப் பார்த்துச் சிரித்தார். வாழைத்தார்கள் துள்ளிக்கொண்டு முன்னால் போயின. பென்னி முதல் சரணத்தில் நிமிர்ந்து நடந்தார். இரண்டாம் சரணத்தில் கழுத்து நெறுநெறுவென்றது. முள் உச்சந்தலையில் இறங்கியது. பல்லவி மறுபடி வந்தபோது பீடம் இன்னும் எங்கேயோ இருந்தது.

பக்கத்தில் ஒரு கைப்பிடி மிளகோடு ஒய்யாரமாக நடந்து வந்த தேவகுமாரி பக்கம் கண்ணை மட்டும் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சீறினார்:

"ஏன்டி, இன்னுங் கொஞ்சம் வேகமா வெச்சிருந்தா என்னடி கொறஞ்சு போயிருவே?"