பொம்பே மலை ஏறவிருக்கும் மூவாயிரத்து எழுநூற்று நாற்பது கிலோ

ஹில்ஸ்பரோ, ஒக்லாந்து
புதன்கிழமை

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

தங்கள் தம்பியின் மூத்த மகள் கம்சாயினி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, தங்கச்சி சிவானி, நான் எல்லோரும் சுகம். சனிக்கிழமை காலை எட்டு மணி வரை சுகமாகவே இருப்போம். அதற்குப் பிறகும் சுகமாக இருப்பது தங்கள் கையில் இருப்பதால் இதை எழுதுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் அப்பா பார்த்துவிடுவார்; தொலைபேசியில் சொல்ல எனக்குக் குரல் வராது. ஆகவே கடிதமாக எழுதி ஈமெயிலில் அனுப்புகிறேன். ரொறன்ரோவில் தாங்கள், பெரியம்மா, தங்கள் ட்ரக் மூவரும் நலமென நம்புகிறேன்.

மன்னிக்க வேண்டும், பிழை அந்த ட்ரக்கில்தான் தொடங்கியது. அதன் பின்னால் படுக்கையும் அடுப்பும் உள்ள, ஒரு வீடளவு கரவனைப் பூட்டி நீங்கள் படம் போட்டீர்களே, அப்பா அதை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். "அண்ணை இழுக்கிறார். நான் என்ன, இழுக்கமாட்டனோ?" என்றார். தங்கள் ட்ரக்குக்குப் பின்பக்கம் மட்டும் நாலு சில்லு என்பதை அவர் கவனிக்கவில்லை. எங்களிடம் இருப்பது யூட். இங்கே பிக்கப்பை அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த கிழமையே பக்குரங்காவில் ஒரு வெள்ளைக்கார முதியவரிடம் ஃபிஃப்த் வீலர் கரவன் ஒன்றைப் பார்க்கப் போனோம். இந்த வகைக் கரவன் மற்றவை போல வண்டியின் பின்கொக்கியில் தொங்காது. யூட்டின் பெட்டிக்குள்ளேயே, பின்சில்லுக்கு நேர்மேலே, கலியாண வீட்டில் களைத்த மாமி பக்கத்துக் கதிரைக்காரியின் தோளில் சாய்வதுபோலச் சாயும். அந்த முதியவர் நல்ல மனுசன். "உங்கள் யூட் எவ்வளவு பாரம் சுமக்கும்?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். "மை டோட்டர். யூனிவர்சிற்றி," என்றார். பிறகு தமிழில், "என்ன மகள், சரிதானே?" என்றார்.

எங்கள் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான் என்பது தங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து கரண்ட் பில், அம்மாவின் இரத்தப் பரிசோதனை, பக்கத்து வீட்டாரின் விசாப் படிவம் எல்லாம் என்னிடம்தான் வருகின்றன. நான் படித்தது புள்ளியியல். யூட்டைப் பற்றி எனக்கு அதன் நிறம் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அப்பா பெருமையோடு நின்றார், எனக்குக் காது சுட்டது. தலையாட்டிவிட்டேன், பெரியப்பா. அந்த ஒரு ஆட்டலில் கரவன் எங்களுடையதாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து யூட்டின் கையேட்டை முழுக்க வாசித்தேன். இழுப்பது வேறு, சுமப்பது வேறாம். எங்கள் யூட் இழுக்கக்கூடியது மூவாயிரத்து ஐந்நூறு கிலோ. முதுகில் சுமக்கக்கூடியது, ஏறுகிற ஆட்களையும் சேர்த்துத் தொளாயிரம். கரவன் தன் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை அந்த முதுகில் வைக்கும். இதை அப்பாவிடம் சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றைக் கரவனுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை தொடங்கும் மூன்று நாள் தவுப்போ ஏரிப் பயணத்துக்கு அம்மா கிரைண்டர் ஏற்றினா, இடியப்பத் தட்டு நாற்பது ஏற்றினா, தேங்காய் ஏற்றினா. "அங்கையும் கடை இருக்கு அம்மா" என்றேன். "கடைத் தேங்காயை ஆர் நம்பிறது?" என்றா. இதுவும் கடைத் தேங்காய்தான். தண்ணீர்த் தாங்கியை அப்பா விளிம்புவரை நிரப்பினார். "தண்ணியெல்லாம் பாரத்திலை சேராது, மகள். அது குடிச்சா முடிஞ்சிடும்."

நேற்று எடைமேடைக்குப் போனோம். நான் கெஞ்சியதால் அல்ல, அப்பாவின் நண்பர் சற்குணம் மாமா "ஒருக்கா நிறுத்துப் பாப்பம் மச்சான்" என்றதால். கரவன் மட்டும் மூவாயிரத்து எழுநூற்று இருபது. எனக்கு உயிர் வந்தது. இனி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, இலக்கமே சொல்லிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அப்பாவும் சற்குணம் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடினால் எங்களுடைய ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். கிரைண்டர், தேங்காய், அண்டா, பாதித் தண்ணீர் எல்லாம் இறங்கின. இறக்கியவற்றைத் தன் வானுக்குள் ஏற்றிக்கொண்டு சற்குணம் மாமா எங்களைத் தெரியாதவர்போல வீதியோரம் போய் நின்றார். மறுபடி நிறுத்தோம். மூவாயிரத்து நானூற்று எண்பது.

"பாஸ்!" என்றார் அப்பா.

"டாட், இட்ஸ் நாட் தி எயார்போட்! இங்க ஒருத்தரும் செக் பண்ண இல்லை!" என்றாள் சிவானி.

"அப்ப இன்னும் நல்லது," என்றார் அப்பா.

அடுத்த சந்தியில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம், தண்ணீரையும் நிரப்பினோம். எல்லைக்கு இன்னும் இருபது கிலோ மிச்சம் இருந்ததே, அது வீணாகக் கூடாதென்று சற்குணம் மாமா தன் பங்குக்கு ஒரு மூட்டை அரிசியும் தந்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கரவன் இப்போது மூவாயிரத்து எழுநூற்று நாற்பது; அதில் யூட்டின் முதுகில் வைப்பது எழுநூற்று நாற்பத்தெட்டு. பூட்டும் இரும்பு எழுபது. மிச்சம் எண்பத்திரண்டு. அப்பா, காலைச் சாப்பாட்டுக்கு முன், எண்பத்தாறு. அதாவது நாங்கள் மூவரும் வீட்டில் நின்றாலும் அப்பாவுக்கே இடமில்லை; யூட் ஆளில்லாமல்தான் தவுப்போ போகலாம். இந்த நிலையில் சனிக்கிழமை நாலு பேரும் ஏறி, ஒக்லாந்துக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் வரும் பொம்பே மலை ஏறி, அதைவிடப் பயங்கரமாக, இறங்கப் போகிறோம். பிரேக் பிடித்தால் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. அம்மா முன் சீற்றில் இருப்பா.

அப்பா தங்கள் சொல்லை மட்டுமே கேட்பார். தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஃபோன் கோல் எடுத்து, "தம்பி, போகாதை" என்று இரண்டு சொல் சொல்லுங்கோ. நான் எழுதினதாகச் சொல்லவேண்டாம். ட்ரக் படத்தையும் கொஞ்ச நாளைக்கு மறைத்து வைத்தால் புண்ணியம்.

பெரியம்மாவின் முழங்கால் சுகப்பட வேண்டுகிறேன். தங்கள் ஆசிகளை, எடை குறைந்தவையாகப் பார்த்து, அனுப்பி வைக்கவும்.

தங்கள் அன்பு மகள்,
கம்சாயினி

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. கோல் எடுக்கவேண்டாம். தமிழைத் திருத்தித் தரச்சொல்லி அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவ குசினியில் வைத்து உரத்து வாசிக்க, அப்பா வாசலில் நின்று எண்பத்தாறு வரை கேட்டுவிட்டார். கதிரையில் மெல்ல இருந்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை. அண்டைக்கு வாங்கினதிலையிருந்து இரவிலை எழும்பி எழும்பி அதின்ரை சில்லைப் போய்ப் பாக்கிறன். படிச்ச பிள்ளை தலையாட்டிட்டுது, நான் எப்பிடிப் பயப்பிடிறது?" என்றார். கரவன் இனி எங்கள் ஃபெய்ஜோவா மரத்தடியில் நிற்கும். டிசம்பரில் நீங்களும் பெரியம்மாவும் வந்தால் தங்க அதுதான் வீடு. எவ்வளவு சாமானும் கொண்டுவரலாம். நாளை குழுவில் ஒரு படம் வரும். யூட்டும் கரவனும் பூட்டினபடி, பக்கத்தில் அப்பா கைகட்டி நிற்பார். பின்னால் பச்சையாகத் தெரிவது மலையல்ல, எங்கள் வேலி. "எப்பிடி, நல்லா இழுக்குதோ?" என்று மட்டும் கேளுங்கோ, பெரியப்பா. இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு அனுப்பவே மாட்டேன் என்று அப்பாவுக்குத் தலையாட்டியிருக்கிறேன்.