நடுக்கட்டம்

பெரிய அதிகாரி வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. சுவரில் மாட்டிய படத்தின் நடுக்கட்டம் காலியாக இருந்தது.

நகராட்சித் திட்டப் பிரிவின் எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். காலிதான். காலையில் அங்கே சீட்டு ஒட்டிய நினைவு இருக்கிறது. அதில் என்ன எழுதினார் என்ற நினைவுதான் இல்லை. மின்விசிறிக் காற்று சீட்டைக் கொண்டுபோயிருந்தது.

வியாபாரம் படுத்துப்போன கடைத்தெருவை எழுப்பும் திட்டத்தின் படம் அது. இடது பக்கம் செய்யப்போகும் வேலைகள்: தெருவிளக்கு, நிழற்கூரை, நடைபாதை. வலது பக்கம் வரப்போகும் பலன்கள்: கூட்டம், வியாபாரம், கடைசியில் கொட்டை எழுத்தில் ஊர் வளர்ச்சி. இதனால் இது, இதனால் அது என்று அம்புக்குறிகள். மூன்று மாதமாக இவற்றைப் போட்டுப் போட்டு அலுவலகத்தில் அவருக்கு 'அம்பு' என்றே பெயர் வந்துவிட்டது. இடப்பக்கத்து அம்புகள் எல்லாம் நடுக்கட்டத்துக்குள் நுழைந்தன. வலப்பக்கத்து அம்புகள் எல்லாம் அதிலிருந்துதான் புறப்பட்டன.

அதிகாரி இன்று படத்தை ஒப்புக்கொண்டால்தான் எழுத்தருடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். நிரந்தரமாகிவிட்டது என்று மாமியாரிடம் போன வாரமே சொல்லியாயிற்று.

குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். பீரோவை நகர்த்தினார். வீட்டில் ஒருவேளை வாய்விட்டுச் சொல்லியிருப்போமோ என்று மனைவிக்குப் போன் செய்தார்.

"முதல்ல சட்டைப்பையில பாருங்க," என்றாள் அவள். "கடைக்குப் போற சீட்டைக் கையில வச்சுக்கிட்டே வீடு பூராத் தேடுற ஆளு நீங்க."

பையில் இல்லை.

தட்டச்சுப் பெண் பரிதாபப்பட்டு, 'பயிற்சி' என்று எழுதச் சொன்னாள். எந்தத் திட்டத்திலும் அது பொருந்துமாம். எழுதினார். தள்ளி நின்று படித்தார். தெருவிளக்கு போட்டால் பயிற்சி வரும் என்றது படம். அழித்தார். அழித்த வேகத்தில் தாள் கிழிந்து, காலிக் கட்டம் ஓட்டைக் கட்டமாயிற்று.

ஓட்டைக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தபோது பிரிவுத் தலைவர் வந்தார். தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் உண்டு என்று ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

"நடுவுல என்ன வரும்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?"

"என்னப்பா அம்பு, இதோட உயிரே அதுதானே? நல்லா எடுப்பாத் தெரியணும். சுத்திச் சிவப்பு மையில கோடு போடு."

போட்டார். இப்போது வாசலில் நின்று பார்த்தாலும் சிவப்புக் கட்டமும், அதற்குள் ஒன்றுமில்லாததும் பளிச்சென்று தெரிந்தன.

அதிகாரி வந்தார். நேராகக் கட்டத்துக்குத்தான் போனார்.

"இது ஏன் காலியா இருக்கு?"

பிரிவுத் தலைவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அம்புவின் கண் முன்னால் மாமியாரின் முகம் வந்து நின்றது.

"வேணும்னேதான் விட்டோம் ஐயா. ஒவ்வொரு ஊரும் அதுக்குத் தோதானதை அங்க எழுதிக்கலாம்."

அதிகாரி கட்டத்தையே வெகுநேரம் பார்த்தார். எல்லாம் தெரிந்தவர்கள் வரைந்த படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, இதில்தான் ஓர் அடக்கம் இருக்கிறது என்றார். சுற்றுவட்டாரத்து நாற்பது ஊர்களும் இந்தப் படத்தையே, சிவப்புக் கட்டத்தோடு வரைய வேண்டும் என்று உத்தரவு எழுதினார். அம்புவின் வேலையை நிரந்தரமாக்கும் ஆணையிலும் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய கார் கிளம்பிய பிறகு, கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தில் சிக்கிய ஒரு சீட்டோடு வந்தார். அம்புவுக்குப் போன உயிர் திரும்பியது. நாற்பது ஊருக்கும் சரியான விடையை இன்றே அனுப்பிவிடலாம்.

"என்ன எழுதியிருக்கேன், படிங்கக்கா."

அக்கா சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"'நடுவுல என்ன நடக்கும்னு தெரியலை. படத்தை மாட்டுறதுக்கு முன்னாடி யாரையாவது கேக்கணும்'னு இருக்கு தம்பி."