எமுலேட்டர் பெட்டியைத் திரும்ப எடுத்துச் செல்லக் கோரி

திருவனந்தபுரம்
சனிக்கிழமை

ஸ்ரீமான் மஹேஷ் அத்திம்பேர் அவர்களுக்கு, அழகியநம்பி அநேக நமஸ்காரம். இங்கே யாவரும் க்ஷேமம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதவில்லை. அக்கா ஸ்நேகா க்ஷேமமா என்று விசாரிக்க வேண்டிய இடம் அடுத்தது. விசாரிக்கவில்லை. நேற்று போனில் அவள் சிரித்ததிலிருந்தே தெரிந்துவிட்டது.

போனில் சொன்னால் அவள் சிரிக்கிறாள். வாட்ஸாப்பில் எழுதினால் நீங்கள் உயர்த்திய கட்டைவிரல் படம் அனுப்புகிறீர்கள். எங்கள் வீட்டுக்கு இப்போது கட்டைவிரல் படம் அனுப்பக் கூடாது. காரணம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் போல நடந்துகொள்வதால் மறுபடி சொல்கிறேன், இந்த முறை தாளில்.

ஆவணியில் அப்பாவுக்கு வாதத்தில் வலது கை விழுந்தது. முப்பத்திரண்டு வருஷம் அரசு ஆபீஸில் ஃபைல் ஃபைலாகக் கையெழுத்துப் போட்ட கை. பேங்கில் அவர் பேனாவோடு மல்லுக்கட்டுவதைக் கவுண்டரில் இருந்தவர் இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு மைப்பெட்டியை மெல்ல அவர் பக்கம் தள்ளினார். "விரல் வெச்சாப் போரும் சாரே." மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா எழுந்துவிட்டார். கைநாட்டு. எம்.ஏ. எகனாமிக்ஸ். அன்றிலிருந்து கையெழுத்துப் போட முடிகிற வரை அந்தப் பேங்கின் படி ஏறுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்தக் கைக்கான பயிற்சி எதையும் செய்யமாட்டார். வித்துராவிலிருந்து பஸ் பிடித்து வரும் பிசியோதெரபிஸ்ட் அனுஷா ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். குழந்தைச் சாமான் என்று அப்பா அதை அலமாரிக்கு அடியில் உருட்டிவிட்டார்.

அந்த நேரத்தில் உங்களுக்கு யோசனை வந்தது.

"பழைய வீடியோ கேம் ஆடட்டும்டா, விரல் தானா வழிக்கு வரும். எமுலேட்டர் பெட்டி ஒண்ணு எங்காத்துல சும்மா கெடக்கு, ரெண்டு கன்ட்ரோலரோட அனுப்பறேன். டீவில சொருகு, புளூடூத்ல சேத்துடு. சிம்பிள்."

சிம்பிள். இந்த ஒரு மாதத்தில் இதைப் பதினாலு தடவை சொல்லியிருக்கிறீர்கள். நான் குறித்து வைத்திருக்கிறேன்.

பார்சல் வந்தது சரஸ்வதி பூஜைக்கு முந்தின சாயங்காலம். அம்மா அதைப் புஸ்தகங்களோடு பூஜையில் வைத்துவிட்டாள், பெட்டிக்கும் இரண்டு கன்ட்ரோலருக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, இனி விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, நாங்களும் தொடவில்லை, நாலாம் நாள் எடுத்து டீவியில் சொருகினால் இரண்டு கன்ட்ரோலரும் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கின்றன, எதனோடும் சேரவில்லை, உங்களைக் கூப்பிட்டேன், அவை உங்கள் பெங்களூர் வீட்டு மெஷினோடு முன்பே சேர்ந்தவை, அதைத்தான் தேடும் என்றீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "அறுநூறு கிலோமீட்டர் தாண்டி உங்க அத்திம்பேரைத் தேடறதாடா இது? மாப்பிள்ளை நம்மாத்துக்கு வராட்டாக்கூட இவ்வளவு தேடமாட்டா யாரும்" என்றார், மாதக்கணக்கில் அவர் செய்த முதல் பரிகாசம் அது என்பதால் நான் உங்களை அப்போதைக்கு மன்னித்தேன். பழைய ஞாபகத்தை அழிக்கக் கன்ட்ரோலர் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஊசியால் குத்து, சிம்பிள் என்றீர்கள். ஓட்டை இல்லை. அரை மணி தேடினேன். அம்மா மேலே இரண்டு பொட்டு, கீழே ஒரு பொட்டு என்று வைத்திருக்கிறாள், கீழே வைத்த பொட்டு சரியாக அந்த ஓட்டைக்குள் இறங்கிக் கல்லாகிவிட்டது. சேஃப்டி பின்னால் ஒரு மத்தியானம் முழுக்கச் சந்தனம் தோண்டினேன். எம்.ஃபில். முடித்த கை.

ஆனால் இதெல்லாம் இல்லை என் கோபம்.

சேர்ப்பதற்கு இரண்டு பொத்தான்களை ஒன்றாக அமுக்கி, விடாமல், ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இதைச் செய்ய முடிகிற கைக்கு உங்கள் பெட்டி எதற்கு? செய்ய முடியாத கைக்கு அது திறக்கவே திறக்காது. இதை யோசித்தீர்களா? அப்பா பிடித்தார். மூன்று எண்ணுவதற்குள் ஒரு விரல் நழுவியது. மறுபடி. பெட்டி ஒரு நிமிஷம்தான் காத்திருக்கும், பிறகு தேடலை நிறுத்திவிடும். நான் என்னுடையதைச் சேர்த்துவிட்டு, அவர் விரல் மேல் என் விரலை வைத்து அமுக்கினேன். சேர்ந்தது. திரையில் அவருக்கான பொம்மை ஆள் தலைக்கு மேல் '2' என்று வந்தது.

"நான் ரெண்டாமத்தவனா?"

யார் முதலில் சேர்கிறார்களோ அவர்தான் ஒன்று, வயசு பார்க்காது என்றேன். அப்படியானால் உன்னுடையதை அணை, நான் முதலில் சேர்கிறேன் என்றார். என்னுடையதை அணைத்தால் மெனுவைத் திறக்க வேறு கன்ட்ரோலர் இல்லை. அவரை முதலாமவராக்க நான் முதலாமவனாக இருந்தாக வேண்டும். இது உங்கள் பெட்டியின் சாஸ்திரம். கீபோர்டு ஒன்று சொருகு, சிம்பிள் என்றீர்கள். பழவங்காடியில் கடை கடையாக அலைந்து வாங்கினேன். அதோடு நான் தேவையில்லாமல் போனேன். இடது கையால் கீபோர்டில் மெனு. வலது கையில் கன்ட்ரோலர். அமுக்கு, நழுவு, அமுக்கு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. நான் உதவிக்கு வந்தால் முழங்கையால் தள்ளினார்.

போன வாரம் புதன்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தார். விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. நான் அமுக்கினேன். ஐந்து எண்ணினேன். விளக்கு நின்று எரிந்தது. அவர் ஆளுக்கு மேல் '1'.

அவர் ஈரத் தலையோடு வந்து டீவியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"யார் அமுக்கினா?"

"நான்தான். நீங்க ஆடலாமேன்னு."

"மைப்பெட்டியைத் தள்ளினானே ஒருத்தன். அவனுக்கும் உனக்கும் என்னடா வித்யாசம்?"

கீபோர்டை எடுத்தார். மெனுவில் சேர்ந்ததை மறக்கச் சொல்லும் 'ஃபர்கெட்' என்ற இடத்தைத் தானே கண்டுபிடித்து அழுத்தினார். விளக்கு மறுபடி சிமிட்ட ஆரம்பித்தது.

பத்து நாளாக என்னோடு பேச்சில்லை. "அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லு அவன்கிட்ட" என்று அம்மா மூலமாக வருகிறது. நானும் அம்மாவும் ஒரே அறையில்தான் இருப்போம். மத்தியானம் மூன்று மணிக்கு டீவி அறைக் கதவு சாத்தப்படுகிறது. இடுக்கில் பார்த்தால் அதே நீலம், அதே சிமிட்டல். அனுஷா நேற்று வந்து அப்பா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு மனிதர் தினமும் ஒரு அறைக்குள் போய்த் தோற்றுவிட்டு வருகிறார். வழி பண்ணிக் கொடுத்தவர் நீங்கள். வேடிக்கை பார்க்கிறவன் நான். எனக்கு என் மேல் இருக்கும் கோபத்தையும் சேர்த்து உங்கள் மேல் போடுகிறேன், நீங்கள் தூரத்தில் இருப்பதால்.

அடுத்த சனிக்கிழமைக்குள் நேரில் வந்து பெட்டியை எடுத்துச் செல்லவும். கூரியரில் நான் அனுப்பமாட்டேன். அவர் முகத்துக்கு நேராக நீங்களே கழற்ற வேண்டும்.

அக்காவுக்கு என் பிரியம். உங்களுக்கு மறுபடி நமஸ்காரம். கோபத்தில் அதைக் குறைக்காதே என்று அம்மா சொன்னாள்.

அழகியநம்பி

பி.கு. சிரஞ்சீவி மாப்பிள்ளைக்குச் சேஷன் அநேக ஆசீர்வாதம். இவன் இதை மேஜை மேல் வைத்துவிட்டுக் கவர் வாங்கப் போயிருக்கிறான். படித்தேன். நீளம்.

கன்ட்ரோலர் திங்கட்கிழமையே சேர்ந்துவிட்டது. ஏழு வரை எண்ணினேன். முதல் நம்பர். பிறகு நானே ஃபர்கெட் கொடுத்து மறுபடி சேர்த்தேன். இதுவரை அறுபத்திரண்டு தடவை. இவன் இடுக்கில் பார்க்கும்போது சிமிட்டும்படி வைத்துக்கொள்கிறேன். தெரிந்தால் ஆட்டம் ஆடுங்கோ என்பான். ஆட்டம் எனக்கு வேண்டாம். திரையில் ஒருவன் காரணமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறான்.

பெட்டியைக் கழற்ற வர வேண்டாம். ஸ்நேகாவோடு சும்மா வாங்கோ. நாளன்றைக்குப் பேங்குக்குத் தனியாகப் போகிறேன். இவனுக்குத் தெரியாது.

இதெல்லாம் எழுதினது வலது கை.

சேஷன்

மேலே இருப்பது ஆறாவது கையெழுத்து. முதல் ஐந்தும் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கின்றன. திருப்ப வேண்டாம்.