மணிமாறனின் கைராசி

மணிமாறன் வெந்நீர் கேட்டபோது வெள்ளையம்மாள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மாட்டுக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, கொட்டகை வாசலை அடைத்தபடி நின்றாள்.

"இந்த மொற நீ போட வேணாம் டாக்டரு. மூணு தபா போட்டுட்ட. மூணு தபாவும் சென பிடிக்காம மாடு திரும்பக் கத்திக்கினு நிக்குது."

மணிமாறன் டாக்டர் இல்லை. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறவன். பன்னிரண்டு வருடமாக, திரவ நைட்ரஜன் ஊற்றிய ஒரு பழைய அலுமினியக் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு அலைகிறான். அந்தக் குளிர் இருக்கும்வரைதான் கேனுக்குள் காளை விந்து உறைந்து உயிரோடு கிடக்கும். பேனா ரீஃபிள் மாதிரி சின்னச் சின்னக் குச்சிகளில் அடைத்தது. ஒரு குச்சியை எடுத்து வெந்நீரில் அரை நிமிடம் போட்டால் உறைந்தது இளகிவிடும். அதற்கப்புறம் கால் மணி நேரத்துக்குள் மாட்டுக்குச் செலுத்திவிட வேண்டும்.

அவன் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னான். பசுவுக்கு முட்டை வருவது ஒன்றே ஒன்று, அதுவும் அரை நாள் தாங்கினால் பெரிது. குச்சிக்குள் இருப்பவையோ கோடிக்கணக்கில். அத்தனையும் ஓடும், பாதிக்கு மேல் வழியிலேயே சாகும், கடைசியில் போய்ச் சேருகிற கொஞ்சநஞ்சம் முட்டையைச் சுற்றி நின்று முட்டும். அதில் ஏதோ ஒன்றுதான் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனதும் முட்டை தன் தோலை இறுக்கிக்கொண்டுவிடும், அடுத்தது தலைகீழாக நின்றாலும் நுழைய முடியாது. உள்ளே அதன் கருவும் இதன் கருவும் ஒன்றாய்க் கலந்தால்தான் சினை. இவ்வளவு வேலையையும் அதுகளே பார்த்துக்கொள்கின்றன, இதில் ஊசி போட்டவன் கை என்ன செய்யும் என்று கேட்டான்.

வெள்ளையம்மாள் முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"இவ்ளோ வெவரம் தெரிஞ்ச ஆளு, ஒங்க வூட்டுல ஏன்பா இன்னும் ஒண்ணும் ஆவல?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அவள் அக்கறையாகக் கேட்டாள். மணிமாறன் கேனைத் தூக்கி வண்டியில் கட்டினான்.

ஆறு மாதமாக இதே பேச்சுதான். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை, அவன் கைக்கு ராசி கிடையாது, அவன் போட்டால் மாடு சினை பிடிக்காது. முன்னே அவன் ஊசியில் பிறந்த கன்றுகளெல்லாம் வளர்ந்து கன்று போட்டு, அந்தப் பாலில் டீயும் குடித்துவிட்டு இதைப் பேசினார்கள். பேஜாரு என்னவென்றால், வர வர அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். போடுகிற ஊசியெல்லாம் வீணாகப் போனால் மனிதன் வேறென்னதான் நினைப்பான்.

இன்றைக்கு அதற்கும் ஒரு முடிவு தெரியப்போகிறது. மனைவி கலைப்பிரியாவுக்குப் போன மாதமே எல்லாப் பரிசோதனையும் எடுத்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இவன்தான். இரண்டு தடவை நாள் குறித்துக் கொடுத்தும் ஏதேதோ மாட்டைச் சொல்லித் தப்பித்துவிட்டான். மூன்றாவது தடவை கலைப்பிரியா லீவு போட்டுவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

வண்டியில் உட்காரும்போது நடுவில் இருந்த கேனைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குமா இது?"

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் சின்னதுரை மாமாவின் மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது, இன்னும் தன்னைக் கூப்பிடுகிற ஆள் அவர் ஒருத்தர்தான், அவரையும் விட்டால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றான். அவள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். ஏழு வருடமாகப் புருஷனுக்கும் தனக்கும் நடுவில் இதுதான் உட்கார்ந்திருக்கிறது என்று விக்கிரவாண்டி தாண்டும்போது ஒரு தடவை சொன்னாள்.

குழந்தைப்பேறு ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, ஆக்ஸிஜன் எல்லாம் நாங்களே வைத்திருக்கிறோம் என்று தடுத்தார். மணிமாறன் விஷயத்தை விளக்கினான். விளக்கியதுதான் தப்பு. கூடத்தில் உட்கார்ந்திருந்த இருபது ஜோடிக் கண்களும் கேனைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தன. பக்கத்து நாற்காலிக்காரர் மனைவியோடு எழுந்து போய்த் தூணோரம் உட்கார்ந்தார்.

டோக்கன் பதினாலு. நடப்பது ஆறு. எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் சின்னதுரை இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். வீட்டில் அவர் மட்டும்தான், வெந்நீர் வைக்க ஆளில்லை, ரெடி பண்ணி ஜல்தியாக எடுத்து வா என்றார்.

போய்வர இருபது நிமிடம் போதும் என்று மணிமாறன் கணக்குப் போட்டான். கேன்டீனில் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி, ஒரு குச்சியைப் போட்டு எடுத்து, துடைத்துச் சட்டைப் பையில் வைத்தான். கேனைக் கலைப்பிரியா பக்கத்தில் தள்ளிவிட்டு எழுந்தான்.

"பதினாலு, மணிமாறன்," என்று கூப்பிட்டார்கள்.

நடுவில் ஏழு பேர் வரவில்லையாம். இப்போது போகாவிட்டால் டோக்கன் கடைசிக்குப் போய்விடும், மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா இருக்க மாட்டார். கலைப்பிரியா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் எந்த மாட்டையும் சொல்ல முடியாது. விந்து எடுத்துத் தரக் கொடுத்த கப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அறையின் ஒரு பக்கச் சுவருக்கு அந்தப்புறம் டோக்கன் கவுண்டர். இன்னொரு பக்கம் டிவி. அதில் ஒரு மாமியார் மருமகளை நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தாள். மணிமாறன் கண்ணை மூடினான். போன் அடித்தது.

"எங்கப்பா கீற? மாடு ரெடியா நிக்குது," என்றார் சின்னதுரை.

"தோ வந்துடறேன் மாமா."

"இன்னா பண்ணிக்கினு இருக்க?"

அவன் போனை அணைத்தான். கதவைத் தட்டினார்கள். மாமியார் திட்டி முடித்து விளம்பரம் வந்தது. விளம்பரத்துக்குள் எப்படியோ காரியம் முடிந்தது. எப்படி என்று பின்னால் யோசித்தபோது அவனுக்கே தெரியவில்லை.

லேப் ஜன்னலில் ஒரு தட்டு இருந்தது. பெயர் எழுதிய கப்பைக் குனிந்து அதில் வைத்துவிட்டு, கேனோடு கட்டியிருந்த பையிலிருந்து ஊசிக் குழாயையும் கையுறையையும் உருவிக்கொண்டு பின்தெருவுக்கு ஓடினான்.

சின்னதுரை மாட்டின் வாலைப் பிடித்துத் தயாராக நின்றார். மணிமாறன் கையுறையைத் தோள் வரைக்கும் மாட்டிக்கொண்டு சட்டைப் பையில் கையை விட்டான். பையில் குச்சி இல்லை. பேன்ட் பையிலும் இல்லை. மாட்டுக்குப் பின்னால் நின்று சட்டையைக் கழற்றி உதறிப் பார்த்தான்.

சின்னதுரை வாலை விட்டார். இத்தனை நாளும் ஊரே சொல்லியும் தான் நம்பவில்லை என்றும், இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டதாகவும் வருத்தத்தோடு சொன்னார். இரு மாமா, வேறு குச்சி எடுத்து வருகிறேன் என்று மணிமாறன் கெஞ்சினான். அதற்குள் அவர் வேறு ஆளுக்குப் போன் போட்டுவிட்டார். அந்த ஆள் வந்து, ஊசி போட்டு, கை கழுவிப் போகும்வரை மணிமாறன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்தபோது கலைப்பிரியா கேன்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பரவாயில்லை விடு என்றான்.

"நல்லா இருக்குதுன்ட்டாங்க," என்றாள். "டாக்டரம்மாவே கூப்பிட்டுச் சொன்னாங்க. எண்ணிக்க, ஓட்டம், எல்லாம் ரொம்ப நல்லா இருக்குதாம். கவலப்படாம வூட்டுக்குப் போங்கன்ட்டாங்க. அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேங்க."

ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுத்தாள். மணிமாறன் வாசித்தான். ஒரு மில்லிக்கு எட்டுக் கோடி, நூற்றுக்கு எழுபது நன்றாக ஓடுகிறது. இந்த மாதிரி எண்களை அவன் பார்த்திருக்கிறான், காளைகளின் அட்டையில். அப்போதுதான் லேப் ஜன்னலில் குனிந்து கப்பை வைத்தது ஞாபகம் வந்தது. சட்டைப் பையில் இருந்தது எங்கே விழுந்திருக்கும் என்பதும் புரிந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். ஏழு வருடத்தில் அவள் முகத்தை இப்படி அவன் பார்த்ததில்லை. ஊரில் போய்ச் சொல்லலாம், வெள்ளையம்மாள் காதுக்கும் போகும். ஆனால் இவள் ஒவ்வொரு மாதமும் நாளை எண்ணுவாள், ஒன்றும் ஆகாது, அப்புறம் தன்னையே நொந்துகொள்வாள். காளையின் பெருமையை வைத்துக்கொண்டு பெண்டாட்டியை அழவைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

எழுந்து லேப் ஜன்னலுக்குப் போனான். கலைப்பிரியாவும் பின்னாலேயே வந்தாள். உள்ளே அன்புச்செல்வி என்று பெயர்ப் பட்டை குத்திய பெண் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. தட்டுல என் கப்போட ஒரு குச்சியும் விழுந்திருக்கும். அது காளையோடது. நான் மாட்டுக்கு ஊசி போடறவன்." ரிப்போர்ட்டை ஜன்னல் வழியாக நீட்டினான். "நீங்க பாத்தது அதைத்தான். என்னோடது இவ்ளோ நல்லா இருக்க வாய்ப்பே இல்ல. ரிப்போர்ட்ட மாத்திடுங்க."

பின்னால் கலைப்பிரியாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்புச்செல்வி தலை நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள்.

"காளையோடதா அது? ரெண்டையுமே அப்பவே பாத்துட்டேன் சார். ரிப்போர்ட்டு உங்க கப்புல இருந்ததுக்குத்தான் போட்டேன், அந்தக் குச்சியில ஒண்ணுகூட அசையல, எல்லாம் செத்து மாசக்கணக்கா ஆயிருக்கும்."