டீமேக்கரின் ஷவர் தோட்டம்

ஒரு ஷவர் சரியில்லாவிட்டால் ஒரு கல்யாணமே நின்றுபோகும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டிய, கோத்தகிரியில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பஸ்தன், மாசி மாதக் குளிரில் வியர்க்க வியர்க்க இதை நம்பினான். அந்தக் கல்யாணத்தை நிறுத்துவதற்கென்றே தன் பக்கத்து வீட்டுக்காரர் பிறவி எடுத்து வந்திருக்கிறார் என்றும் நம்பினான்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து நடுங்காத குழாய் நீலகிரி மாவட்டத்திலேயே கிடையாது. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான அரவேணுவில் யாருக்கும் அது தெரியாது. எஸ்டேட் ஃபேக்டரியில் பச்சை இலை உள்ளே போனதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும்வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான அதிகாரியை டீமேக்கர் என்பார்கள். இவர் அந்த வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். வேலை போனது, பெயர் போகவில்லை. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

ரிட்டயர் ஆனவர்கள் ரோஜாச் செடி வளர்ப்பார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். டீமேக்கர் குழாய்ப் பைத்தியம் ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பகுதியில் தண்ணீர் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. வருவதற்கு முன் குழாய் இருமும். அந்த இருமலைக் கேட்டுத்தான் நாங்கள் படுக்கையிலிருந்து எழுந்து ஓடுவோம். சொந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் டீமேக்கர் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தார். காற்று வந்தது. மொட்டை மாடித் தொட்டி காலி. கொல்லைப்புறத்தில் ஒரு மட்டமான குழாய் சொட்டுச் சொட்டாக முழுத் தொட்டியையும் தோட்டத்துக்கு விட்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல், தலையில் நுரையோடு, அவர் அன்றைக்கு ஏதோ சபதம் எடுத்திருக்க வேண்டும்.

ஃபேக்டரியில் தேயிலைத் தூளுக்குள் கிடக்கும் இரும்புத் துகளை இழுக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை டீமேக்கர் ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்திருந்தார். அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு குன்னூர் ஹார்டுவேர் கடைகளுக்குள் நுழைவார். கடைக்காரர் "சுத்தப் பித்தளைங்க" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் காந்தம் 'டப்' என்று குழாயில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத குழாயும் தப்பிக்க முடியாது. உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார், நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்பார், திருகைத் திறந்து திறந்து மூடுவார். கடைசியில் தீர்ப்பு ஃபேக்டரி பாஷையில் வரும். "தூசி ரகம். மூட்டையில கட்டி அனுப்பிருங்க." இவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்து ஷட்டரை இறக்கிய கடைக்காரர் ஒருவரை எனக்கே தெரியும்.

வீடுகளுக்கு வந்தாலும் இதே கதைதான். ஒரு சாவு வீட்டுக்கு மாலையோடு போனவர், முதலில் பாத்ரூமுக்குள் போனார். ஃபிளஷ் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டது. பிறகு மறுபடியும். வெளியே வந்து, அழுதுகொண்டிருந்த மூத்த மகனின் தோளில் கைவைத்து, "வாஷர் போயிருச்சு கண்ணு, உள்ளுக்குள்ளயே தண்ணி ஓடிட்டிருக்குது, காரியம் முடிஞ்சதும் மாத்திரு" என்றார். அப்புறம்தான் மாலையைப் போட்டார். போட்டுவிட்டு எல்லோரையும்விட அதிகமாக அழுதார்.

இப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில், அதுவும் எங்கள் மொட்டை மாடியைவிட உயரமான மேட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நான் பாத்ரூமை இடித்தேன்.

என் மகள் நித்யாவுக்குக் கோயம்புத்தூரில் வரன் அமைந்திருந்தது. நிச்சயம் எங்கள் வீட்டில். காலை முகூர்த்தம் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்து தங்குகிறார்கள். எங்கள் பாத்ரூமோ என் மாமனார் காலத்தது. அதன் குழாயைத் திறக்க ஒரு கோணம், மூட இன்னொரு கோணம். இரண்டும் குடும்ப ரகசியம். விருந்தாளிகளை அதற்குள் அனுப்ப முடியாது.

இதில் நான் பயந்தது மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குத்தான். அந்தக் குடும்பத்தில் அவர் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். பெண் பார்க்க வந்தபோது காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறியிருக்குதுங்க" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்தவர். அதன் பிறகு புறப்படும்வரை சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறியதற்கே சன்னல் என்றால், குளிக்கும்போது தண்ணீர் ஆறினால்? பாதியில் நின்றால்?

எனவே ஒரு ஹோட்டலில் பார்த்த ஷவரை வாங்குவதென்று முடிவெடுத்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலம். திறந்தால் பைக்காரா அருவி. பெரியப்பா அதற்கு அடியில் நிற்பார், மனம் குளிர்வார், தலையாட்டுவார். இதை வீட்டில் அறிவித்தபோது மல்லிகா நேராகப் போய் டீமேக்கரைக் கூட்டிவந்தாள். கட்டின மனைவி செய்கிற வேலையா இது?

டீமேக்கர் எங்கள் தொட்டியை ஏறிப் பார்த்தார். இறங்கினார்.

"தம்பி, அந்தத் தட்டு ஷவர் ரெண்டு பேரு குளிக்கறதுக்குள்ள இந்தத் தொட்டியக் குடிச்சு முடிச்சுரும். மூணாவது ஆளு தலையில நொரையோட நிப்பான். நான் நின்னிருக்கறனுங்க. தண்ணி மிச்சம் புடிக்கற சின்ன ஷவரா மாட்டுங்க."

"தண்ணி மிச்சம் புடிக்கற ஷவர்னா ஒழுகற ஓட்டுக்குக் கீழ நிக்கற மாதிரி இருக்குமுங்க. தலையில உழுகற சுடுதண்ணி காலுக்கு வர்றதுக்குள்ள ஐஸாயிரும். பெரியப்பா வெறச்சுப் போயிருவாருங்க" என்றேன்.

"நாளைக்குக் காலைல டவுசரும் துண்டும் எடுத்துட்டு என்ற ஊட்டுக்கு வாங்க" என்றார் டீமேக்கர்.

மறுநாள் காலையில்தான் அவருடைய ஷவர் தோட்டத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கொல்லைப்புறத்தில் ஒரு நீளமான இரும்புக் குழாய். அதில் வரிசையாக ஷவர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பக்கெட். விறகு பாய்லரில் சுடுதண்ணீர். மூன்று பக்கம் தகரம், நான்காவது பக்கம் தேயிலைத் தோட்டம். டீயை வரிசையாகக் கிண்ணங்களில் ஊற்றி, எது எந்த இலை என்று தெரியாமல் ருசி பார்த்துத்தானே ரகம் பிரிப்பார்கள்? அதையே குளியலுக்குச் செய்திருந்தார். ஃபேக்டரி மணற்கடிகாரம்கூட அங்கே இருந்தது.

"கண்ணத் தொறந்திருந்தா பெருசாத் தெரியறதுதான் நல்லாருக்கும்" என்று சொல்லித் தன் மஃப்ளரை என் கண்ணில் கட்டினார். பிறகு என் தோளைப் பிடித்து ஒவ்வொரு ஷவருக்கும் அடியில் நிறுத்தினார். மணல் இறங்கும்வரை நனைவேன். "அடுத்தது" என்பார். ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு நகரும் இடைவெளியில் கோத்தகிரிக் காற்று வந்து என் எலும்புகளை ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுப் போகும். தோட்டத்துப் பக்கத்திலிருந்து இலை பறிக்கும் பெண்களின் சிரிப்பு கேட்டது. கண் கட்டியிருந்ததால், யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஏழோ எட்டோ ஆனபோது ஒன்று வந்தது. ஆகா. இதமான சூடு, உச்சி முதல் தோள் வரை பூப்போல விழுந்தது. நான் உளறத் தொடங்கினேன். "இதுதானுங்க. இதுதான் அந்தத் தட்டு ஷவர். எனக்குத் தெரிஞ்சு போச்சு. ராஜா மாதிரி இருக்குது. இதையே மாட்டிரலாமுங்க."

மஃப்ளர் அவிழ்ந்தது. முன்னால் ஒரு ஸ்டூல். அதன்மேல் டீமேக்கரின் மனைவி. கையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி.

அந்த அம்மாள் சங்கடத்தோடு, "அவரு ஊத்தச் சொன்னாருங்க" என்றார்.

"ருசி பாக்கறவனச் சோதிக்க நடுவுல ஒரு கள்ளக் கிண்ணம் வெப்போம் தம்பி" என்றார் டீமேக்கர். "பாதிப் பூவாளித் தண்ணிங்க. அதுல நீங்க ராஜாவாயிட்டீங்க. ஓட்டை பொடிசா இருந்து, பரவலா உழுந்தா, ஒடம்புக்கு அளவு தெரியறதில்ல."

பூவாளியைத் தேர்ந்தெடுத்தவனுக்கு அதன் பிறகு வாய் ஏது? என் பாத்ரூம் அவர் கைக்குப் போனது. குன்னூர்க் கடையில் காந்தம் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தது. கையில் எடுத்தால் மணிக்கட்டு இறங்கும் பித்தளைக் குழாய்கள். வாயில் சின்ன சல்லடை, அது தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுமாம். ஃபிளஷுக்குச் சின்னதும் பெரிதுமாக இரண்டு பொத்தான். சின்ன வேலைக்குச் சின்னது. டாய்லெட் பீங்கானை வாங்குவதற்கு முன் டீமேக்கர் அதில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, வெகுநேரம் தியானத்தில் இருந்தார். கடைக் கண்ணாடிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஷவர்? என் முஷ்டி அளவு. மாட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது பழைய பயம் திரும்பி வந்தது. நன்றாகத்தான் இருந்தது, நான் குளித்துப் பார்த்தேன். ஆனால் பெரியப்பா கண்ணைக் கட்டிக்கொண்டா குளிக்கப் போகிறார்? அண்ணாந்து பார்ப்பார். முஷ்டியைப் பார்ப்பார். சன்னல் பக்கம் திரும்பிவிடுவார். போதாததற்கு, நிச்சயத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் குழாய் இருமவே இல்லை. தொட்டியில் இருந்ததுதான் தண்ணீர்.

நிச்சய நாள் காலை, பனி விலகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள். நான் பாத்ரூம் கதவருகே வாட்ச்மேன் மாதிரி நின்றேன். டீமேக்கர் விடிவதற்கு முன்பே வந்துவிட்டார். புதுக் கோட்டு, மஃப்ளர், பவுடர் வாசம் பத்தடிக்கு முன்னால் வந்தது. "ஒன்னும் ஆகாது தம்பி, என்ற கணக்குத் தப்பாது" என்று சொல்லிவிட்டு, நிமிடத்துக்கு ஒருதரம் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார். அது எனக்குத் தெம்பாக இல்லை.

கடைசியில் பெரியப்பா உள்ளே போனார்.

போனவர் வரவில்லை. தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அய்யர் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தண்ணீர் சத்தம் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மல்லிகாவிடம் ஏதோ கேட்டார். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். தொட்டி மூடி பனியில் இறுகியிருந்தது. திறக்க வரவில்லை. எனவே தொட்டியைத் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்து மட்டம் பார்த்தேன். மேலே தட்டினால் 'டங்' என்றது. காலி. கீழே தட்டினேன், என் நெஞ்சு அடித்த அடியில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி மேலிருந்து. மறுபடி கீழிருந்து. என் மகளின் வாழ்க்கையே அந்தக் கறுப்புத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

கீழே கதவு திறந்தது. இறங்கி ஓடினேன். பெரியப்பா நின்றிருந்தார், முகம் சிவந்து, தலையிலிருந்து ஆவி பறக்க. நான் அவர் கண் போகும் திசையைப் பார்த்தேன். சன்னல் இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. சுடுதண்ணி தீரவே இல்லீங்க. எங்கூட்டுல பாதிலயே ஆறிப்போயிருமுங்க. அதான் வெளிய வர மனசு வல்ல." துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஆனா குளிக்கறப்ப மேல யாரோ தட்டீட்டே இருந்தாங்க. இங்க கொரங்குத் தொந்தரவு சாஸ்திங்களோ?"

"ஒன்னே ஒன்னுதானுங்க" என்றாள் மல்லிகா, என்னைப் பார்த்துக்கொண்டே. "பழகிப்போச்சு."

சின்ன ஷவர் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவதால் கெய்சரில் இருக்கும் சூடு நீடித்து வருகிறது. டீமேக்கர் இதை எனக்குப் பலமுறை சொல்லியிருந்தார். பயப்படுகிறவனுக்குக் காது கேட்காது.

தட்டு மாற்றினார்கள். பெரியப்பா தலையாட்டினார், பந்தியில் காபி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். டீமேக்கர் மட்டும் பந்தியில் உட்காராமல் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் இலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. ஹாலில் கால் வைக்க இடமில்லை. குடம், டிரம், அண்டா, இட்லிப் பாத்திரம், குக்கர், மாவு டப்பா எல்லாவற்றிலும் தண்ணீர். அலமாரியில் இருந்த டீ ருசி பார்க்கும் வெள்ளைக் கிண்ணங்கள்கூட வரிசையாக, விளிம்பு வரை. டிரம்மிலிருந்து ஒரு பச்சை ஹோஸ் சன்னல் வழியாக வெளியே போய், வேலியைத் தாண்டி, சரிவில் இறங்கி, எங்கள் மொட்டை மாடிச் சுவரில் கட்டப்பட்டிருந்தது. காலைப் பனியிலும் பதற்றத்திலும் அது என் கண்ணில் படவில்லை.

"உங்க தொட்டி நின்னுபோச்சுன்னா உடனே உடறதுக்காமா" என்றார் டீமேக்கரின் மனைவி. "சொட்டுத் தொடக்கூடாதுன்னுட்டாருங்க. நேத்தே என்னையத் தங்கச்சி ஊட்டுக்குக் குளிக்க அனுப்பிட்டாரு."

"கணக்குத் தப்பாதுன்னு சொன்னீங்களேங்க?" என்றேன்.

டீமேக்கர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கணக்குத் தப்பாதுங்க. புள்ளையோட நிச்சயமாச்சேன்னு."

எங்கள் தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் மிச்சம் இருந்தது. நித்யாவின் நிச்சயத்துக்கு வந்தவர்களில் குளிக்காமல் வந்தவர் டீமேக்கர் ஒருவர்தான்.