கிளியர் அண்ணையும் தாலி கட்டிய நிமிடமும்

உலகத்திலேயே அதிகமான படங்களைப் பார்த்துவிட்டு, அவற்றில் ஒன்றின் கதைகூடத் தெரியாமல் நிம்மதியாக வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கிளியர் அண்ணைதான். சந்தேகம் இருந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் சீடி வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்ல அவர்களுக்கும் தெரியாது. பக்கத்து அறையில் நாலு வருடம் இருந்த எனக்கும் தெரியாது.

"படம் எப்படி அண்ணை?" என்று யார் கேட்டாலும் ஒன்றில் "கிளியர்" என்பார், அல்லது "கிளியர் இல்லை" என்பார். மூன்றாவது பதில் அவரிடம் கிடையாது. ஒருநாள் நான் விடாமல் கேட்டேன்.

"கடைசியில ஹீரோ சாகிறவரோ?"

"சாகேக்க படம் நல்ல ஷார்ப் தம்பி. ஒரு கீறல் இல்லை."

அவருக்கு இரத்மலானைப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கர் வேலை. காலையிலிருந்து மாலைவரை சேர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தையல் பிழை பிடிப்பார். அந்தச் சேர்ட்டை யார் போடப் போகிறார்கள், போட்டால் அவர்களுக்கு வடிவாக இருக்குமா என்பதெல்லாம் அவருடைய பகுதி அல்ல. இந்தப் பழக்கம் தொழிற்சாலை கேற்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொட்டாஞ்சேனையில் நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அட்சதை போடுவதற்கு வரிசையில் நின்று, முறை வந்ததும் மாப்பிள்ளையின் குர்தாக் கொலரைப் பின்னால் பிரட்டிப் பார்த்து, "ஒரு தையல் விட்டிருக்கு, கழட்டேக்க கவனம்" என்று காதுக்குள் சொல்லிவிட்டு வந்தார். மாப்பிள்ளை மிச்சச் சடங்கு முழுவதும் கழுத்தை அசைக்காமல் இருந்தார். பெண் வீட்டுக்காரர், நல்ல அடக்கமான பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள்.

எங்கள் தொடர்மாடிக்குக் கீழே கசற் நானாவின் சீடி வாடகைக் கடை இருந்தது. கசற் போய் சீடி வந்து, சீடி போய் டிவிடி வந்த பிறகும் நானாவின் பெயர் கசற் நானாதான். நான் அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் புதிதாக வந்த சீடிகளைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தேன். பத்திரிகையில் பெயர் வந்தால் தலை கொஞ்சம் கனக்கும் அல்லவா, எனக்கும் கனத்தது. நானாவிடம் போய், ஒவ்வொரு சீடி உறையிலும் என்னுடைய விமர்சனத்தைத் துண்டில் எழுதி ஒட்டுகிறேன், சனத்துக்கு நல்ல ரசனை வளரும் என்றேன்.

"ஒட்டுங்க தம்பி. ஒரு பக்கம் நீங்க ஒட்டுங்க, மத்தப் பக்கம் அவரு ஒட்டட்டும்" என்றார் நானா. கிளியர் அண்ணை ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்தார்.

அன்றிலிருந்து நானாவின் கடையில் ஒவ்வொரு உறைக்கும் இரண்டு துண்டு. முன்பக்கத்தில் நான், "மனித மனத்தின் ஆழங்களைத் தொடும் அபூர்வமான படைப்பு" என்று எழுதுவேன். பின்பக்கத்தில் அவர் எழுதுவார்: "தியேட்டரில் வைத்து எடுத்த பிரதி. மண்டை: இரண்டு. ஒன்று இடைவேளைக்குப் பிறகு திரும்பி வரவில்லை." மண்டை என்றால், திருட்டுத்தனமாக எடுத்தவரின் கமராவுக்கு முன்னால் எழும்பி வெளியே போகிறவரின் தலை. அண்ணை அவற்றை ஒன்றும் விடாமல் எண்ணுவார். போன தலை திரும்பி வரும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. இன்னொரு துண்டில், "கீழே ஓடும் இங்கிலீஸ் எழுத்து வேறு படத்தினது. ஆனால் பெரிய எழுத்து, வாசிக்க வசதி" என்று இருந்தது.

ஒரு மாதத்துக்குள் என் ரசனை வளர்ப்புத் திட்டம் படுத்துவிட்டது. நான் "பார்க்கவே வேண்டாம்" என்று எழுதிய படம் கடைக்குள் தங்காமல் சுற்றியது. நான் தலையில் தூக்கி வைத்து ஆடிய படம் மேல் தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது.

"நீங்க எழுதினதும் நல்லாத்தான் ஈக்கிது தம்பி" என்று நானா ஆறுதல் சொன்னார். "ஆனா சனம் கையில எடுத்த ஒடனே பின்பக்கத்தத்தானே திருப்புது."

எனக்குப் பொறுக்கவில்லை. மாடிப்படியில் அண்ணையை மறித்தேன். "விமர்சனம் எண்டால் படத்தைப் பற்றி எல்லோ அண்ணை எழுத வேணும்? கீறல் இல்லாத குப்பையும் குப்பைதானே?"

"ஓம்" என்றார் அண்ணை, கோபமே இல்லாமல். "ஆனா முழுசாத் தெரியிற குப்பை."

"கதை நல்லமோ கூடாதோ எண்டு சனத்துக்குச் சொல்ல வேண்டாமோ?"

"அதை நீங்கள் சொல்லித் திருத்தவோ போறியள்? கதையை எடுத்து முடிச்சிட்டினம். சீடி பழுதெண்டால் நானாட்டைக் குடுத்து மாத்தலாம்." படியில் இரண்டு எட்டு ஏறிவிட்டுத் திரும்பினார். "தெரியாத படத்தில என்னத்தைத் தம்பி நல்லது கெட்டது பாக்கிறது?"

அந்தக் கோபத்தில் நான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அவரோடு இரண்டு வருடமாகக் கதைக்காத ஒருவரும் அதே கட்டடத்தில் இருந்தார். நாலாம் மாடி அன்ரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், கணவர் இல்லை, ஒரே மகள். மகளின் நடன அரங்கேற்றத்தைச் சீடியில் போட்டுக் காட்ட எங்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். பார்த்து முடித்துச் சனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அன்ரி நேரே அண்ணையிடம் போய், "எப்படித் தம்பி?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"சிவப்புக் கொஞ்சம் வழியுது அன்ரி."

அவர் சொன்னது ரீவியின் நிறத்தை. அன்ரிக்கு அது மகளின் பட்டுச்சேலைக்கும் ஒப்பனைக்கும் சேர்த்து விழுந்த அடி. அன்றிலிருந்து லிஃப்டில் அண்ணை நின்றால் அன்ரி ஏற மாட்டார். முழங்கால் நோவோடு நாலு மாடியும் படியில் ஏறுவார். "அன்ரிக்கு டொக்டர் எக்ஸசைஸ் சொல்லியிருக்கிறார் போல" என்று அண்ணை என்னிடம் மெச்சிக்கொண்டார்.

அந்த மகள் பிறகு கனடாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே கல்யாணமும் பேசி முடிவானது. அன்ரிக்கு விசா கிடைக்கவில்லை. இரண்டாம் முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. இங்கே பெட்டி கட்டி, மகளின் கூறைச்சேலைக்குப் பொருத்தமாகத் தனக்கும் ஒரு சேலை எடுத்து வைத்திருந்தவர், முகூர்த்த நேரத்தில் சாமி அறையில் தனியாக இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு மனது கேட்கவே இல்லை.

சில வாரம் கழித்து, அங்கிருந்து வந்த ஒருவரின் கையில் கல்யாணச் சீடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நாலாம் மாடியில் பதினைந்து பேர் கூடினோம். வடை, கேக், தேத்தண்ணி. அன்ரி, எடுத்து வைத்திருந்த அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு முன் கதிரையில் இருந்தார். கிளியர் அண்ணைக்கு அழைப்பு இல்லை.

மாப்பிள்ளை வந்தார், பொம்பிளை வந்தா, கூறை மாற்றினா. எல்லாம் அருமையாக ஓடியது. கெட்டிமேளம் தொடங்கியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், படம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றது. திரும்பப் போட்டோம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார், நின்றது. ஐந்து முறை போட்டோம். ஐந்து முறையும் அந்த மனிதருக்குத் தாலி கட்டக் கிடைக்கவில்லை. சனம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. ஆறாம் முறை நின்றபோது, அன்ரி திரையைப் பார்த்தபடியே என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அவர் வீட்டில நிக்கிறாரோ?"

நான் மூன்றாம் மாடிக்கு ஓடினேன். அண்ணை மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியோடு வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சீடியை வெளியே எடுத்து ரியூப் லைற்றுக்குக் கீழே பிடித்தார். பிடித்தபடியே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தில், ஓட்டைக்கும் விளிம்புக்கும் சரி நடுவில், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம்.

"இதை ஆர் அன்ரி வச்சது?"

"நான்தான். நல்ல காரியத்துச் சாமான், சாமிக்கு முன்னால வச்சுப் பொட்டு வைக்காமல் போடுறதோ?"

"மற்றப் பக்கம் வச்சிருக்கலாமே?"

"அதில வீடியோக்காரன்ர போன் நம்பரெல்லோ இருக்கு? இதுதானே வடிவான பக்கம்!"

அண்ணை துணியை எடுத்தார். அன்ரி பாய்ந்து கையைப் பிடித்தார். "அழிக்காதை தம்பி! முதல் முதல் வச்ச பொட்டு, அழிச்சால் பிள்ளைக்குக் கூடாது!"

கல்யாணப் பொட்டை அழிக்கச் சொல்லி ஒரு தாயிடம் கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. அண்ணை மட்டும் தொழிற்சாலையில் நிற்பதைப் போல நின்றார்.

"அன்ரி, இந்தப் பக்கம்தான் சீடியின்ர கண். கண்ணுக்குள்ள ஆராவது குங்குமம் வைப்பினமோ? போன் நம்பர் இருக்கிறதுதான் நெத்தி. இஞ்ச துடைக்கிறன், நீங்கள் அங்க வையுங்கோ. பொட்டு இடம் மாறுது, அழியேல்லை."

அன்ரி யோசித்தார். சாமி அறையைப் பார்த்தார். பிறகு கையை விட்டார். அண்ணை நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, மிக மெதுவாகத் துடைத்தார். மற்றப் பக்கத்தில், ஓட்டைக்குக் கிட்ட, அன்ரி நெற்றிக்கு வைப்பதைப் போலவே சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். அது காயும்வரை அண்ணை ஊதிக்கொண்டிருந்தார்.

கெட்டிமேளம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். படம் நிற்கவில்லை. மாப்பிள்ளை குனிந்தார். அந்த நேரம் பார்த்து, கையில் போனோடு, மாப்பிள்ளையின் பெரியப்பாவோ சித்தப்பாவோ, பின்பக்கம் வழுக்கை விழுந்த ஒரு பெரிய மண்டை எழும்பித் திரை முழுவதையும் மறைத்தது. அது திரும்பக் கதிரையில் இருந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

அன்ரி அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சதோ தம்பி?"

அண்ணை வாயைத் திறந்தார். "மண்டை: ஒன்று" என்று சொல்லப்போகிறார் என்று பயந்து நான் அவருடைய கையைக் கிள்ளினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு றிமோட்டை வாங்கினார். பின்னால் கொண்டுபோனார், மெதுவாக ஓடவிட்டார், திரும்பப் பின்னால் கொண்டுபோனார். ரீவிக்கு முன்னால் குந்தியிருந்து, அரை நூல் பிசகியிருக்கிறதா என்று பார்ப்பதைப் போலப் பார்த்தார். ஓரிடத்தில் டக்கென்று நிறுத்தினார்.

"இஞ்ச வாங்கோ அன்ரி. மண்டைக்கும் அந்தாளின்ர கைக்கும் இடையில பாருங்கோ."

அந்த இடைவெளியில் மகளின் முகம் தெரிந்தது.

"எல்லாரும் தாலியைப் பாக்கினம். பிள்ளை மட்டும் கமராவைப் பாக்கிறா."

"ஏன் தம்பி கமராவைப் பாக்கிறாள்?"

"நீங்கள் இதைப் பாப்பியள் எண்டு அவவுக்குத் தெரியும்தானே?"

அன்ரி முழங்கால் நோவையும் பாராமல் நிலத்தில் இருந்தார். கையை நீட்டித் திரையில் மகளின் நெற்றியைத் தொட்டார். விரலில் மிச்சம் இருந்த குங்குமம் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. ரீவித் திரையில் யாராவது விரல் வைத்தால் அண்ணைக்குக் கெட்ட கோபம் வரும், என்னையே எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார். அன்று துணி கையில்தான் இருந்தது. அவர் துடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வடையைச் சாப்பிட்டுச் சமாளித்தேன்.

நாங்கள் போகும்போது அன்ரி அண்ணையிடம், "என்ர சீடிக்கும் ஒரு துண்டு எழுதித் தா" என்று கேட்டு வாங்கினார். அண்ணை எழுதியதை உறையில் பார்த்தேன். "மண்டை: ஒன்று. பரவாயில்லை. பொம்பிளை நல்ல வடிவு." படத்தில் என்ன இருந்தது என்று அவர் எழுதிய ஒரே விமர்சனம் அதுதான். நான் இன்றுவரை எழுதிய எதுவும் அதற்குக் கிட்ட வராது.

நானாவின் கடை இப்போது போன் கவர் விற்கும் கடை. கிளியர் அண்ணை கல்கிசைக்குக் குடிபோய்விட்டார். போன மாதம் காலி வீதி பஸ்சில் ஏறினேன், கொண்டக்டர் "இஸ்ஸரஹாட யன்ன" என்று முன்னுக்குத் தள்ளிய தள்ளில் அவருடைய மடியில் போய் விழப் பார்த்தேன். நரைத்த தலையோடு போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் எப்படி அண்ணை?"

"நிக்காமல் ஓடுது."

இரண்டு தரிப்புப் போகும்வரை படத்திலேயே கண்ணாக இருந்தார். பிறகு போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார். "அன்ரியின்ர பிள்ளைக்கு இப்ப எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு அண்ணை. அன்ரி இப்ப அங்கதான், அவையோட."

"அப்ப கிளியர்" என்றார். எனக்கு இறங்க வேண்டிய இடம் வந்தது. நான் இறங்கவில்லை. அவரோடு கல்கிசைவரைக்கும் போனேன்.